மொன்ரிவீடியோவின் நூற்றாண்டு அரங்கு

அயல்நாடொன்றிற்குச் செல்வோர் அந்நாட்டின் பழைய கோட்டைகளையும் அரண்மனைகளையும் ஆலயங்களையும் தேடிச் சென்று காண்பது வழக்கம். தென்னமெரிக்காவிலே உருகுவே நாட்டின் தலைநகராகிய மொன்ரிவீடியோவிற்குச் செல்வோர் தேடிச் செல்லும் இடமோ ஓர் உதைபந்தாட்ட அரங்கு. பற்லே பூங்கா என்னும் பெருஞ் சோலையின் நடுவே, சிமெந்துக் கொங்கிறீற்றாற் கட்டப்பெற்ற அந்த அரங்கு நிற்கின்றது. அதன் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 100 மீற்றர் உயரமான கோபுரம் ஒன்று வானளாவ எழுந்துள்ளது. 'எஸ்தாதியோ சென்தெனாரியோ' என்பது அவ்வரங்கின் பெயர். 'நூற்றாண்டு அரங்கு' என்பது அப்பெயரின் பொருள். உதைபந்தாட்டத்தின் முதலாவது உலகக் கிண்ணப் போட்டிக்கென எழுப்பப்பட்டு, 1930ஆம் ஆண்டிலே அப்போட்டியின் இறுதியாட்டத்தைக் கண்ட அரங்கு இதுவேயாகும்.

இன்றைய பேச்சிலே நேயர்களை அவ்வரங்கிற்கு அழைத்துச் செல்ல எண்ணுகின்றேன். இருபது இலட்சம் மக்களும் இல்லாத ஒரு சிறிய நாடு உலகத்தையே தன் வீட்டிற்கு விருந்துக்கு அழைத்தது. அழைக்கப்பட்டோரிற் பெரும்பாலார் தூரத்தைக் காரணங் காட்டி வர மறுத்தனர். எனினும் அந்நாடு தான் கொடுத்த வாக்கை நிறைவேற்றியது. அந்த வாக்கின் சின்னமாக நிற்பதே இந்த அரங்கு. அது எழுந்த வரலாற்றையும், பின்னர் அது கண்ட காட்சிகளையும் நாம் சேர்த்து நோக்க வேண்டும்.

மொன்ரிவீடியோவின் பழைய நகரம் துறைமுகத்தை அடுத்துள்ளது. அதன் எல்லையிலுள்ள சுதந்திரச் சதுக்கத்திலிருந்து கிழக்கு நோக்கிப் பெருந்தெரு ஒன்று புறப்படுகின்றது. அத்தெருவின் பெயரே 'யூலை 18' என்பதாகும். 1830ஆம் ஆண்டு அந்நாளிலேதான் உருகுவே மக்கள் தம் முதலாவது அரசியலமைப்பை ஏற்று உறுதிமொழி செய்தனர். அத்தெருவழியே சென்றால் அதன் முடிவிலே, அவ்வரசியலமைப்பை வகுத்தோரின் நினைவாக 1938ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட உயர்ந்த கற்றூண் ஒன்றைக் காணலாம். அதற்கு அப்பால் பூங்கா, பூங்காவினுள்ளே அரங்கு. நூற்றாண்டு அரங்கு என்னும் பெயரில் வரும் நூற்றாண்டு, அந்த அரசியலமைப்பின் நூற்றாண்டே. எனவே, துறைமுகத்திலிருந்து அரங்கிற்குச் செல்பவர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு குடியரசின் பிறந்தநாளை வழியெல்லாம் மிதித்துக்கொண்டே செல்கின்றார்.

உருகுவே இரு பெரும் அயலாருக்கு இடையே அமைந்த நாடு. வடக்கே பிறேசில், மேற்கே ஆற்றுக்கு அக்கரையில் ஆர்ஜென்ரீனா. இறைச்சியையும் கம்பளி மயிரையும் ஏற்றுமதி செய்து அந்நாடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே செழிப்புற்றிருந்தது. ஹொசே பற்லே இ ஒர்தோனியெஸ் என்பார் இரு முறை குடியரசுத் தலைவராக இருந்து பல சீர்திருத்தங்களுக்கு வழிகாட்டினார். நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்ற சட்டம் 1915ஆம் ஆண்டிலேயே அங்கு நிறைவேறியது. அரங்கு அமைந்த பூங்கா இன்று தாங்கி நிற்பதும் அவருடைய பெயரையே.

உதைபந்தாட்டத்தை அந்நாட்டிற்குக் கொண்டுவந்தோர் பிரித்தானியர். புகையிரதப் பாதை அமைக்க வந்தவர்களும், வணிகம் செய்ய வந்தவர்களும், பாடசாலைகளிற் கற்பித்தவர்களும் ஓய்வு நேரத்தில் ஆடிய ஆட்டத்தை உள்ளூர் இளைஞர் வேலியோரம் நின்று பார்த்தனர். பின்னர் தாமும் ஆடினர். விரைவில் ஆசிரியரை விஞ்சினர். 1924ஆம் ஆண்டு பாரிசு நகரை அடுத்த கொலொம்பிலும், 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் நகரிலும் நடைபெற்ற ஒலிம்பிக் விழாக்களில் உருகுவே உதைபந்தாட்டத்திற் பொற்பதக்கம் வென்றது. அதுவரை அந்நாட்டின் பெயரைக் கேள்வியுறாத ஐரோப்பியரும் தேசப்படத்தில் அதனைத் தேடிப் பார்க்கலாயினர்.

அந்நாளில் ஒலிம்பிக் விழாவில் ஆடுவதற்கு ஊதியம் பெறாதோர் மாத்திரமே உரிமையுடையர். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டோர் பல நாடுகளிலே பெருகிவந்தமையால், எல்லோரும் கலந்துகொள்ளக்கூடிய தனிப் போட்டியொன்று தேவையெனச் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் கருதியது. அதன் தலைவராயிருந்தவர் ஜூல் றிமே என்னும் பிரெஞ்சுக்காரர். 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாமில் கூடிய சபை அதற்கு இணங்கியது. அடுத்த ஆண்டு பார்சலோனாவிற் கூடியபோது, போட்டியை நடத்தும் உரிமை உருகுவேக்கு வழங்கப்பட்டது. இத்தாலி, ஒல்லாந்து, ஸ்பெயின், சுவீடன் ஆகிய நாடுகளும் அவ்வுரிமையை விரும்பியிருந்தன. ஆனால் உருகுவே முன்வைத்த வாக்குறுதிகள் பெரியன. வரும் குழுக்களின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் தானே ஏற்பதாக அந்நாடு கூறியது. அரசியலமைப்பின் நூற்றாண்டு விழாவை ஒட்டிப் புதியதோர் அரங்கைக் கட்டுவதாகவும் உறுதி கூறியது.

உரிமை கிடைத்தது, விருந்தினர் கிடைக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து உருகுவே செல்வதற்கு அந்நாளிற் கப்பலே வழி. ஒரு திசையில் மாத்திரம் ஏறக்குறைய இரண்டு வாரம் கடலிற் கழியும். ஆட்டமும் திரும்பும் பயணமும் சேர, ஆட்டக்காரர் இரண்டு மாதம் ஊரைப் பிரிந்திருக்க வேண்டும். அவர்களுக்குத் தொழில் கொடுத்தோர் அத்தனை நாள் விடுமுறை கொடுக்க விரும்பவில்லை. கழகங்களும் தம் சிறந்த ஆட்டக்காரரை அனுப்ப விரும்பவில்லை. உரிமையைக் கேட்டுப் பெறாத இத்தாலி வரவில்லை, ஸ்பெயின் வரவில்லை, ஒல்லாந்தும் சுவீடனும் வரவில்லை. போட்டி தொடங்க இரண்டு மாதம் இருக்கையிலும் ஐரோப்பிய நாடொன்றேனும் பெயர் கொடுத்திருக்கவில்லை. தாம் இரு முறை கடல் கடந்து சென்று ஆடியிருக்க, அவர்கள் ஒரு முறையேனும் வரலாகாதா என்று உருகுவே மக்கள் மனம் நொந்தனர். அந்த மனவேதனை நெடுநாள் ஆறவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இறுதியிலே றிமேயின் முயற்சியால் பிரான்சு இணங்கியது. பெல்ஜியமும் யூகோசிலாவியாவும் இணங்கின. றுமேனியாவில் அப்பொழுதுதான் அரியணை ஏறியிருந்த கரோல் மன்னர் தாமே தலையிட்டு, ஆட்டக்காரருக்கு விடுமுறை பெற்றுக்கொடுத்து அனுப்பி வைத்தார் என்பர். ஆக, ஐரோப்பாவிலிருந்து நான்கு குழுக்கள், தென்னமெரிக்காவிலிருந்து ஏழு, மெக்சிக்கோவும் ஐக்கிய அமெரிக்காவும் சேரப் பதின்மூன்று.

'கொன்தே வேர்தே' என்னும் இத்தாலியக் கப்பலின் பயணம் இவ்வரலாற்றில் ஓர் இனிய பகுதி. ஜெனோவாத் துறையில் றுமேனியர் ஏறினர். 1930ஆம் ஆண்டு யூன் மாதம் 21ஆந் திகதி பிரான்சின் தென்கரையிலே பிரெஞ்சுக் குழுவும் றிமேயும் ஏறினர். பார்சலோனாவிற் பெல்ஜியர் சேர்ந்தனர். சில வாரங்களின் பின் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடவேண்டியவர்கள் ஒரே மேற்றளத்தில் ஓடியும் குதித்தும் உடற்பயிற்சி செய்தனர். ஒரே மண்டபத்தில் உணவருந்தினர். றிமேயின் பயணப் பையினுள்ளே கிண்ணமும் சென்றது. பிரெஞ்சுச் சிற்பி ஆபெல் லாப்லேர் வடித்த அக்கிண்ணம், இறக்கை விரித்த வெற்றித் தெய்வத்தின் உருவம் அமைந்தது. வெள்ளியாற் செய்து பொன்முலாம் பூசப்பெற்றது. றியோ டி ஜெனெய்ரோவிற் பிறேசிற் குழுவையும் ஏற்றிக்கொண்டு, யூலை 4ஆந் திகதி கப்பல் மொன்ரிவீடியோவை அடைந்தது. அந்த ஒரே கப்பலில், போட்டியில் ஆடவிருந்த பதின்மூன்று குழுக்களில் நான்கு வந்திறங்கின.

விருந்தினர் வந்துவிட்டனர், வீடு முடியவில்லை! அரங்கை வரைந்த சிற்பநூற் கலைஞர் ஹுவான் அந்தோனியோ ஸ்காஸோ என்பவர். 1929ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஓராண்டு முடியுமுன் பல்லாயிரம் மக்கள் அமரக்கூடிய அரங்கு எழ வேண்டும். வேலையாட்கள் முறைவைத்து இரவும் பகலும் உழைத்தனர். இரவிலே மின்விளக்குகளின் ஒளியில் வேலை நடந்தது. மழை வேறு இடையூறு செய்தது. எவ்வளவு விரைந்தும் போட்டி தொடங்கிய யூலை 13ஆந் திகதி அரங்கு ஆயத்தமாகவில்லை. எனவே தொடக்க ஆட்டங்கள் கழகங்களுக்குரிய இரு சிறிய மைதானங்களில் நடைபெற்றன. பொசீதோஸ் என்னும் மைதானத்தில் மெக்சிக்கோவை எதிர்த்து ஆடிய பிரான்சின் லூசியன் லோரான், உலகக் கிண்ண வரலாற்றின் முதலாவது கோலைப் போட்டார். அதே வேளையில் மத்திய பூங்கா மைதானத்திலே ஐக்கிய அமெரிக்காவும் பெல்ஜியமும் ஆடிக்கொண்டிருந்தன.

ஐந்து நாள் கழிந்து யூலை 18ஆந் திகதி வந்தது. அரசியலமைப்பின் நூறாவது ஆண்டு நிறைவுநாள். அன்று நூற்றாண்டு அரங்கு திறக்கப்பட்டது. கொங்கிறீற்று இன்னும் முற்றாக உலரவில்லை; சில பகுதிகள் முடியவுமில்லை. அந்த ஈரச் சுவர்களுக்கு நடுவே உருகுவேயும் பெரு நாடும் ஆடின. ஆட்டத்தின் 65ஆம் நிமிடம்வரை எவரும் கோல் போடவில்லை. அப்பொழுது உருகுவேயின் ஹெக்டர் காஸ்ட்ரோ பந்தை வலையினுள் செலுத்தினார். அவ்வரங்கின் முதற் கோல் அதுவே. அன்றைய ஆட்டத்தின் ஒரே கோலும் அதுவே.

இந்தக் காஸ்ட்ரோவைப் பற்றி ஒரு சொல் கூறாமல் அப்பாற் செல்ல முடியாது. வறிய குடும்பத்திற் பிறந்து இளமையிலேயே வேலைக்குச் சென்றவர் அவர். பதின்மூன்று வயதில் மின்வாள் ஒன்றிற் சிக்கி வலக்கையின் முன்பகுதியை இழந்தார். ஆட்டத்திலே உடலைச் சமன்செய்வதற்குக் கைகள் எவ்வளவு இன்றியமையாதன என்பதை ஆடினோர் அறிவர். அத்தகைய குறை இருந்தும் அவர் நாட்டின் முதன்மைக் குழுவில் இடம் பெற்றார். புதிய அரங்கின் முதற் கோலைப் போடும் பேறு ஒற்றைக் கையரான அத்தொழிலாளிக்கே வாய்த்தது.

யூலை 30ஆந் திகதி இறுதியாட்டம். உருகுவேயை எதிர்த்து நின்றது அயல்நாடாகிய ஆர்ஜென்ரீனா. இரு குழுக்களும் தத்தம் அரையிறுதியாட்டத்தில் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று வந்தவை. பிளேட் நதியின் அக்கரையிலுள்ள புவெனஸ் அயர்சு நகரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பல்களிலும் படகுகளிலும் ஏறி இரவோடிரவாகப் புறப்பட்டனர். ஆற்றின்மேல் அடர்ந்த மூடுபனியில் அகப்பட்டுப் பலர் ஆட்டம் முடிந்த பின்னரே கரை சேர்ந்தனர் என்று கூறுவர். காலையிலேயே அரங்கின் வாயில்கள் திறக்கப்பட்டன. உள்ளே சென்றோர் ஆயுதம் வைத்திருக்கின்றனரோ என்று சோதிக்கப்பட்டனர். அறுபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று அவ்வரங்கில் நெருங்கியிருந்தனர்.

மத்தியஸ்தம் வகிக்க இசைந்தவர் பெல்ஜியரான ஜோன் லங்கெனஸ். ஆட்டம் முடிந்தவுடன் தாம் புறப்படுவதற்குக் கப்பல் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். அவருக்கு முதலில் எதிர்ப்பட்ட வழக்கோ பந்தைப் பற்றியது. எந்த நாட்டிற் செய்த பந்தைக் கொண்டு ஆடுவது? இரு குழுவினரும் தம் நாட்டுப் பந்தே வேண்டுமென்றனர். முற்பாதியில் ஆர்ஜென்ரீனாவின் பந்து, பிற்பாதியில் உருகுவேயின் பந்து என்று முடிவாயிற்று. அவ்வாறே ஆட்டமும் இரு வேறு ஆட்டங்கள்போல அமைந்தது. உருகுவேயின் பாப்லோ தொராடோ முதலிற் கோல் போட்டார். ஆர்ஜென்ரீனாவின் பெயுசெல்லே அதைச் சமப்படுத்தினார். பின்னர் அப்போட்டியில் எட்டுக் கோல்கள் போட்டுப் புகழ்பெற்ற ஸ்தாபிலே இன்னொன்றைப் போட, இடைவேளையின்போது ஆர்ஜென்ரீனா இரண்டுக்கு ஒன்று என முன்னணியில் நின்றது. அரங்கு அமைதியில் ஆழ்ந்தது.

பிற்பாதியில் நிலைமை மாறியது. பெத்ரோ சேயா கணக்கைச் சமப்படுத்தினார். சாந்தோஸ் இரியார்த்தே தொலைவிலிருந்து அடித்த பந்து உருகுவேயை முன்னணிக்குக் கொண்டுவந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் நான்காவது கோல் விழுந்தது. அதைப் போட்டவர் யார்? அரங்கின் முதற் கோலைப் போட்ட அதே ஹெக்டர் காஸ்ட்ரோ! நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் உருகுவே உலகக் கிண்ணத்தை வென்றது. அடுத்த நாள் அந்நாட்டிற் பொது விடுமுறை அளிக்கப்பட்டது. அக்கரையிலோ ஆத்திரமுற்ற கூட்டத்தினர் புவெனஸ் அயர்சிலிருந்த உருகுவே தூதகத்தின்மீது கல்லெறிந்தனர்.

வெற்றி கிடைத்தும் பழைய வேதனை ஆறவில்லை. 1934ஆம் ஆண்டு இத்தாலியில் நடைபெற்ற அடுத்த போட்டிக்கு, கிண்ணத்தை வைத்திருந்த உருகுவே செல்ல மறுத்தது. தம் வீட்டிற்கு வராதவர் வீட்டிற்குத் தாமும் செல்வதில்லை என்பதே அதன் கருத்து. 1938ஆம் ஆண்டும் அந்நாடு செல்லவில்லை. 1950ஆம் ஆண்டிலே பிறேசிலுக்குச் சென்று, மரக்கானா அரங்கில் திரண்ட மாபெருங் கூட்டத்தின் முன் பிறேசிலையே தோற்கடித்து, மீண்டும் கிண்ணத்தை வென்றது.

ஆனால், நேயர்களே, வெற்றியின் ஒளி எல்லோர் வாழ்விலும் ஒரேவிதமாக நிலைக்கவில்லை. 1930ஆம் ஆண்டுக் குழுவில் ஆடியவர்களுள் ஹொசே லெயாந்திரோ அந்திராடே என்னும் கறுப்பினத்தவரும் ஒருவர். ஒலிம்பிக் ஆட்டங்களில் அவருடைய ஆட்டத்தைக் கண்டு பாரிசு நகரமே வியந்தது. ஒலிம்பிக் வெற்றிகள் இரண்டிலும் உலகக் கிண்ண வெற்றியிலும் பங்குகொண்ட அப்பெருவீரர், 1957ஆம் ஆண்டில் வறுமையில் வாடி உயிர் நீத்தார். அரங்கைப் பேணிய நாடு அவ்வரங்கிற்குப் புகழ் சேர்த்தவனைப் பேணத் தவறியது. நூற்றாண்டு அரங்கைக் காணச் செல்வோர் அதன் கோபுரத்தைக் காணும்போது இதனையும் நினைத்தல் முறையாகும்.

அரங்கின் வரலாற்றில் இன்னொரு நிகழ்ச்சி 1930ஆம் ஆண்டின் இறுதியாட்டத்திற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. 1973ஆம் ஆண்டு முதல் உருகுவேயில் இராணுவத்தின் ஆட்சி நிலவியது. தம் அதிகாரத்திற்குச் சட்ட வடிவம் கொடுக்க விரும்பிய ஆட்சியாளர், புதியதோர் அரசியலமைப்பை வரைந்து 1980ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி மக்களின் வாக்குக்கு விட்டனர். மக்களிற் பெரும்பான்மையோர் அதனை நிராகரித்தனர். ஒரு மாதம் கழிந்து, முதலாவது உலகக் கிண்ணத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவை ஒட்டி, கிண்ணம் வென்ற நாடுகளை அழைத்து நூற்றாண்டு அரங்கிற் போட்டியொன்று நடத்தப்பட்டது. இத்தாலி, மேற்கு யேர்மனி, பிறேசில், ஆர்ஜென்ரீனா ஆகியன வந்தன. இங்கிலாந்து வர மறுத்தமையால் அதன் இடத்தில் ஒல்லாந்து ஆடியது. 1981ஆம் ஆண்டு யனவரி 10ஆந் திகதி நடந்த இறுதியாட்டத்தில் உருகுவே பிறேசிலை இரண்டுக்கு ஒன்று என வென்றது. அந்த வெற்றிப் பெருமையில் தாமும் பங்குகொள்ளலாம் என ஆட்சியாளர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் அரங்கின் படிகளில் அமர்ந்திருந்த மக்களோ, இராணுவ ஆட்சி முடியப்போகின்றது என்று ஒரே குரலில் முழங்கினர். தெருவிலே நாலு பேர் கூடிப் பேச அஞ்சிய காலத்தில், பல்லாயிரவர் ஒன்றாகக் கூடிய அந்த இடத்தில் எவருடைய வாயை எவர் அடைப்பது? 1985ஆம் ஆண்டில் மக்களாட்சி மீண்டும் மலர்ந்தது.

ஓர் அரசியலமைப்பின் நூற்றாண்டைக் கொண்டாட எழுந்த அரங்கு அது. அந்நாட்டின் அரசியலமைப்பு நசுக்கப்பட்ட காலத்திலே, அதனை மீட்க விரும்பிய குரல் அவ்வரங்கிலேயே எழுந்தது மிகவும் பொருத்தமானதன்றோ?

1983ஆம் ஆண்டு யூலை மாதத்திலே சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் நூற்றாண்டு அரங்கை உலக உதைபந்தாட்டத்தின் வரலாற்றுச் சின்னமெனப் பிரகடனஞ் செய்தது. இன்று அங்கு செல்வோர் அரங்கினுள் அமைந்த அரும்பொருட்சாலையிலே பழைய கிண்ணங்களையும் சட்டைகளையும் நிழற்படங்களையும் காணலாம். பார்வையாளர் அமரும் நான்கு பகுதிகளுள் ஒன்றுக்குக் கொலொம்பு என்றும் மற்றொன்றுக்கு அம்ஸ்ரர்டாம் என்றும் பெயர். முன்பு பொன் வென்ற இரு நகரங்களின் நினைவு அவை. வேறு இரண்டிற்கு ஒலிம்பிக் என்றும் அமெரிக்கா என்றும் பெயர். ஒலிம்பிக் பகுதிக்கு மேலேதான் அந்த உயர்ந்த கோபுரம் நிற்கின்றது.

இதற்கு மாறாக, உலகக் கிண்ணத்தின் முதலாவது கோல் விழுந்த பொசீதோஸ் மைதானம் இன்று இல்லை. நகரம் வளர, அது அழிக்கப்பட்டு அதன்மீது தெருக்களும் வீடுகளும் எழுந்தன. பிற்காலத்தில் ஆராய்ந்து இடத்தைக் கண்டறிந்து, நினைவுச் சின்னங்கள் நிறுவினர். ஒரே போட்டியைக் கண்ட இரு மைதானங்களுள் ஒன்று நின்றது, மற்றது மறைந்தது. பேணுவார் இருந்தாலன்றி வரலாறும் நிலைபெறாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முதற் போட்டியின் நூற்றாண்டு 2030ஆம் ஆண்டில் நிறைவெய்துகின்றது. அவ்வாண்டின் உலகக் கிண்ணத்தைப் பெரும்பாலும் மொறொக்கோ, ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய நாடுகளில் நடத்துவதென்றும், நூற்றாண்டின் நினைவாகத் தொடக்க ஆட்டத்தை மொன்ரிவீடியோவின் நூற்றாண்டு அரங்கில் நடத்துவதென்றும் 2024ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் உறுதிசெய்யப்பட்டது. ஒரு காலத்தில் கடல் கடந்து வரத் தயங்கிய ஸ்பெயின் நாடே இன்று அவ்வரங்கின் பெயரோடு தன் விழாவைத் தொடங்க இருப்பது காலத்தின் விந்தை எனலாம்.

உருகுவேயின் மக்கள்தொகை இன்றும் ஏறத்தாழ 35 இலட்சமே. அரங்கைக் கட்டிய செழிப்புக் காலமும் அதன்பின் நெடுநாள் நீடிக்கவில்லை. உலகப் பொருளாதார நெருக்கடி அந்நாட்டையும் தாக்கியது. 1933ஆம் ஆண்டிலேயே மக்களாட்சி ஒருமுறை சீர்குலைந்தது. அத்தனைக்கும் பின்னும் அரங்கு நின்றது. நாம் சிறியர், நாம் தொலைவில் உள்ளோம், நம்மை நாடி யார் வருவார் என்று எண்ணி அம்மக்கள் வாளாவிருந்திருப்பின், பதின்மூன்று குழுக்கள் அவ்வாண்டு அந்நகரிற் கூடியிரா. இன்று உலகெங்கும் கோடானுகோடி மக்கள் நான்காண்டுக்கு ஒருமுறை ஆவலோடு எதிர்பார்க்கும் போட்டியும் வேறொரு காலத்தில், வேறொரு விதமாகவே தொடங்கியிருக்கும். வந்தவர் சிலரே ஆயினும், வந்தவர்க்கு வாயிலைத் திறந்துவைத்த பெருமை உருகுவேக்கே உரியது. அந்த வாயில் இன்றும் திறந்தேயிருக்கின்றது.